அலையோடு ஆட்டம்... தாங்குமா அந்தமான்?

ஹேவ்லாக், நீல் தீவுகளின் ரிசார்ட்டுகளுக்குப் போகிறவர்கள் என்னவெல்லாம் விளையாடுகிறார்கள்? அந்த விளையாட்டுக்கு யார் என்ன விலை கொடுக்கிறார்கள்?

நவம்பர் முதல் மே வரை ஹேவ்லாக் தீவின் ஜெட்டிக்கு எந்த நாள் காலை எட்டு மணிக்குப் போனாலும் இதே காட்சிதான். ஆரஞ்சு நிற லைஃப் ஜாக்கெட்டுகள் மலை மாதிரி குவிந்து கிடக்கின்றன. சேலை கட்டிய மாமியார், கையில் மருதாணி கலையாத புது மருமகள், பேரனின் கையை விடாமல் பிடித்திருக்கும் தாத்தா என்று வரிசை நீள்கிறது. வரிசையில் காதில் விழுவதில் பெங்காலியும் இந்தியும் எவ்வளவோ, தமிழும் அவ்வளவு. ஸ்பீடு போட் கிளம்பி இருபது நிமிடத்தில் எலிஃபண்ட் பீச் வந்துவிடுகிறது.

இறங்கியதும் ஆளுக்கொரு கண்ணாடி, வாயில் கடித்துக்கொள்ள ஒரு குழாய். ரப்பர் டியூப் ஒன்றை நான்கு பேர் பற்றிக்கொள்ள, உள்ளூர் இளைஞர் அதை நீந்தியபடியே இழுத்துப் போகிறார். முகத்தைத் தண்ணீருக்குள் வைத்த நொடியில் எல்லோருக்கும் மூச்சு நின்று போகிறது. காலுக்குக் கீழே ஒரு நகரமே இருக்கிறது! ஊதாவும் பழுப்புமாகப் பவளக் கிளைகள். அவற்றுக்கு நடுவே ஆரஞ்சு வெள்ளைப் பட்டை போட்ட கோமாளி மீன் தன் வீட்டு வாசலில் நின்று முறைக்கிறது. யாரோ ஒருவர் பரவசத்தில் காலை உதறுகிறார். தண்ணீர் ஆழமில்லாத இடம். கால் பட்டு மான்கொம்பு மாதிரி இருந்த கிளை ஒன்று ஒடிந்து விழுகிறது. ஒடிந்த இடம் சுண்ணாம்பு போல வெளேரென்று தெரிகிறது. ஒடித்தவருக்கு அது தெரியாது. பதினைந்து நிமிடம் ஆனதும் டியூப் கரைக்குத் திரும்புகிறது, அடுத்த நால்வர் தயார்.

அந்தமானில் விருந்தாளிகளுக்கு என்ன பொழுதுபோக்கு இருக்கிறது என்று டூர் ஏஜென்ட்டிடம் கேட்டால் ஒரு நீளமான பட்டியல் வரும். ஸ்கூபா, ஸ்நார்க்கலிங், சீ வாக், ஜெட் ஸ்கீ, பனானா போட், கண்ணாடிப் படகு, இரவுக் கயாக், தூண்டில் மீன்பிடி, காட்டு நடை... பட்டியலில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால், இவை அத்தனையும் ஒரே கடலின் கைப்பிடி அளவு இடத்தில், ஒரே காலை நேரத்துக்குள் நடக்கின்றன. பிரச்னை அங்கேதான் ஆரம்பிக்கிறது.

திடீரென்று எல்லோர் வாயிலும் அந்தமான்

நம் ஊரில் அந்தமான் என்றால் ஒரு காலத்தில் நாடு கடத்தல்தான். எம்.ஜி.ஆரின் ‘அந்தமான் கைதி’ 1952-ல் வந்தது. 1978-ல் சிவாஜி நடித்த ‘அந்தமான் காதலி’ வந்தபோது அந்தத் தீவு காதலர்கள் பாடும் இடமாக மாறியிருந்தது. இன்று தேனிலவுப் பயணமா, அலுவலகச் சுற்றுலாவா, பள்ளித் தோழர்கள் சந்திப்பா... எல்லாவற்றுக்கும் முதலில் வாயில் வரும் பெயர்களில் ஒன்று அந்தமான். சென்னையிலிருந்து விமானத்தில் இரண்டு மணி நேரத்துக்குச் சற்று அதிகம். பாஸ்போர்ட் வேண்டாம். கொரோனாவுக்கு முன்பே ஆண்டுக்குச் சுமார் 5 லட்சம் பயணிகள் வந்துகொண்டிருந்தார்கள். 2024 ஜனவரியில் மாலத்தீவுடன் வந்த உரசலுக்குப் பிறகு ‘நம் தீவுகளுக்கே போவோம்’ என்ற பேச்சும் சேர்ந்துகொண்டது.

ஹேவ்லாக்குக்கு 2018 டிசம்பரில் ஸ்வராஜ் தீவு என்றும், நீல் தீவுக்கு ஷஹீத் தீவு என்றும் பெயர் மாறியது. 2024 செப்டம்பரில் போர்ட் பிளேர் ஸ்ரீ விஜயபுரம் ஆனது. மக்கள் வாயில் இன்னும் பழைய பெயர்களே புழங்குகின்றன.

[பெட்டிச் செய்தி]
தீவைத் தெரிந்துகொள்ளுங்கள்
அந்தமான் நிக்கோபாரில் தீவு, குட்டித் தீவு, பாறை எல்லாம் சேர்த்து 836. மனிதர்கள் வாழ்வது 31-ல் மட்டும். நிலப்பரப்பில் 80 சதவீதத்துக்கு மேல் காடு. ஹேவ்லாக் இருப்பது ரிச்சீஸ் தீவுக்கூட்டத்தில், போர்ட் பிளேரிலிருந்து சுமார் 40 கிலோமீட்டர் வடகிழக்கே. 2011 கணக்கெடுப்பின்படி மக்கள்தொகை ஆறாயிரத்துச் சொச்சம். இங்குள்ள ராதாநகர் கடற்கரையை ஆசியாவிலேயே சிறந்தது என 2004-ல் ‘டைம்’ இதழ் புகழ்ந்தது. 2020-ல் அதற்கு நீலக் கொடிச் சான்றிதழும் கிடைத்தது.

சூரியன் சொல்கிற நேரம்தான் நேரம்

முதல் முறை போகிறவர்கள் தவறவிடும் ஒரு விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறோம். அந்தமான் நம்மிலிருந்து வெகு கிழக்கே இருக்கிறது. கடிகாரம் மட்டும் ஒன்று. அதனால் சென்னையைவிட ஏறக்குறைய 50 நிமிடம் முன்னதாகவே அங்கே பொழுது விடிந்து, அதே அளவு முன்னதாக இருட்டுகிறது. டிசம்பரில் மாலை ஐந்து மணிக்கெல்லாம் சூரியன் போய்விடும். ‘ஒன்பது மணிக்கு எழுந்து, டிபன் சாப்பிட்டு, பதினொரு மணிக்குக் கடலுக்குப் போவோம்’ என்று ஊர்ப் பழக்கத்தில் இருப்பவர்கள் தீவின் பாதி நாளைத் தூங்கியே தொலைக்கிறார்கள்.

இன்னொரு கடிகாரம், ஓதம். கடல் ஏறுவதற்கும் வற்றுவதற்கும் நடுவே கிட்டத்தட்ட ஆள் உயர வித்தியாசம் வருகிற நாட்கள் உண்டு. நீல் தீவில் இயற்கையாக அமைந்த பாறைப் பாலத்தைப் பார்க்க நீர் வற்றிய நேரத்தில்தான் போக முடியும். காலடியில் குளம் குளமாகத் தேங்கிய தண்ணீரில் நட்சத்திர மீனும் கடல் அட்டையும் கிடக்கும். அலையாத்திக் காட்டுக்குள் கயாக் ஓட்ட வேண்டுமானால் நேர் எதிர்: நீர் ஏறியிருக்க வேண்டும், இல்லையென்றால் சேற்றில் படகைத் தள்ளவேண்டியதுதான். நல்ல ரிசார்ட் எது என்று கண்டுபிடிக்க எங்களுக்குத் தெரிந்த எளிய வழி இதுதான்: வரவேற்பறையில் அன்றைய ஓத நேரம் எழுதி வைத்திருக்கிறார்களா என்று பாருங்கள். எழுதியிருந்தால், விருந்தாளியைக் கடலின் நேரத்துக்கு அழைத்துப் போகத் தெரிந்தவர்கள் என்று நம்பலாம்.

கட்டை விரலைத் தூக்காதீர்கள்!

ஸ்கூபாவில் முதல் முறை இறங்குகிறவர்களுக்குக் கரையோரம், இடுப்பளவுத் தண்ணீரில் அரை மணி நேரப் பயிற்சி. நீச்சல் தெரியாதவர்களையும் அழைத்துப் போகிறார்கள். ஒருவருக்கு ஒரு பயிற்றுநர், அவர் கை உங்கள் முதுகுச் சிலிண்டரை விடாது. வாய் வழியாக மட்டும் மூச்சு விடப் பழக வேண்டும். நாம் பிறந்ததிலிருந்து செய்யாத காரியம் என்பதால் முதல் ஐந்து நிமிடம் பயம் பிய்த்துத் தின்னும். கண்ணாடிக்குள் தண்ணீர் புகுந்தால் மூக்கால் ஊதி வெளியேற்ற வேண்டும். அதன் பிறகு சைகைகள். தண்ணீருக்கடியில் கட்டை விரலை உயர்த்தினால் ‘மேலே போகலாம்’ என்று பொருள். நம் மக்கள் முதல் மீனைப் பார்த்ததும் ‘சூப்பர்’ என்று கட்டை விரலைக் காட்ட, பயிற்றுநர் பொறுப்பாக மேலே கொண்டுவந்துவிடுகிறார். நன்றாக இருக்கிறேன் என்று சொல்ல, கட்டை விரலையும் ஆள்காட்டி விரலையும் வட்டமாகச் சேர்த்துக் காட்ட வேண்டும்.

கீழே போகப் போக காதுதான் முதலில் பேசும். பத்து மீட்டர் ஆழத்தில் உடம்பின் மேலுள்ள அழுத்தம் கரையில் இருப்பதைப்போல இரு மடங்கு. மூக்கைப் பிடித்துக்கொண்டு மெதுவாக ஊத, காதில் ‘டொப்’ என்று ஒரு சத்தம், வலி போய்விடும். போகவில்லையென்றால் கொஞ்சம் மேலே வர வேண்டும். பல்லைக் கடித்துக்கொண்டு இறங்கக் கூடாது. சளி இருந்தால் அன்றைக்கு இறங்கவே கூடாது. ‘பணம் கட்டியாச்சே’ என்று இறங்கி, காது ஜவ்வைப் புண்ணாக்கிக்கொள்வது வீண்.

ஹேவ்லாக் கடலின் புகழ்பெற்ற ஸ்கூபா இடங்களுக்கு டிக்சன்ஸ் பினக்கிள், ஜானிஸ் கோர்ஜ் என்று பெயர்கள். இவை ஏதோ வெள்ளைக்கார மாலுமிகளின் பெயர்கள் என்று நினைத்துக்கொள்கிறார்கள். அல்ல. இங்கே முக்குளிப்பு வழிகாட்டிகளாக இருந்த கரேன் இன மனிதர்களின் பெயர்கள். கரேன் மக்கள் 1925 வாக்கில் பர்மாவிலிருந்து கொண்டுவரப்பட்டு மாயாபந்தர் பக்கம் குடியமர்த்தப்பட்டவர்கள். மூச்சை அடக்கிக் கடலில் இறங்குவது அவர்களுக்குக் கைவந்த கலை. இன்று பல கோடி ரூபாய் புரளும் ஒரு தொழிலுக்கு வழி காட்டியவர்களின் பெயர், கடலடிப் பாறைகளில் நிலைத்திருக்கிறது. விளம்பரத் துண்டறிக்கைகளில்தான் காணோம்.

டூர் பேக்கேஜ் போடுகிறவர்கள் அதிகம் சறுக்கும் இடமும் ஸ்கூபாவில்தான் இருக்கிறது. ஸ்கூபா முடித்தவுடன் விமானம் ஏறக் கூடாது. ஆழத்தில் உடம்பில் கரைந்த நைட்ரஜன், விமானம் உயரே போனதும் குமிழியாகி மூட்டிலும் நரம்பிலும் அடைக்கலாம். ஒரு முறை மூழ்கியிருந்தால் குறைந்தது 12 மணி நேரம், பலமுறை மூழ்கியிருந்தால் 18 மணி நேரம் இடைவெளி வேண்டும் என்பது உலகெங்கும் உள்ள பரிந்துரை. காலையில் ஸ்கூபா, மதியம் கப்பல், மாலை சென்னை விமானம் என்று யாராவது திட்டம் எழுதிக் கொடுத்தால் அந்தத் தாளைக் கிழித்துப் போடுங்கள்.

தலை நனையாமல் கடலடியில்

நீச்சலும் தெரியாது, குழாயைக் கடிக்கவும் பிடிக்கவில்லை என்பவர்களுக்கு சீ வாக். கண்ணாடி முகப்பு வைத்த பெரிய ஹெல்மெட்டைத் தோளில் இறக்குகிறார்கள். கரையில் தூக்கவே முடியாத கனம், தண்ணீருக்குள் போனதும் லேசாகிவிடுகிறது. மேலே படகிலிருந்து குழாய் வழியாகக் காற்று வருகிறது. ஏணியில் இறங்கி, ஆறேழு மீட்டர் ஆழத்தில் கடல் தரையில் நடக்கலாம். ஒருவருக்கு மூவாயிரம் ரூபாய்க்கு மேல். அறுபது வயது அம்மாக்கள் முதல் முறையாகக் கடலுக்கு அடியில் நின்று கையசைக்கும் வீடியோக்களைப் பார்த்திருப்பீர்கள். அந்தச் சந்தோஷத்துக்கு ஈடில்லை. அதை ஏளனமாகப் பேசுகிறவர்களோடு நாங்கள் இல்லை. கடல் நீச்சல் தெரிந்தவர்களுக்கு மட்டுமே சொந்தமானதல்ல.

ஆனால், அதே சதுரத்தில் நாள் முழுக்க நடந்தால் அங்கே எதுவும் முளைக்காது. போட்டோவுக்கு மீன் கூட்டமாக வர வேண்டும் என்பதற்காகச் சில இடங்களில் ரொட்டித் துண்டு தூவுகிறார்கள். பவளத்தின் மேல் படரும் பாசியை மேய்வதுதான் பல மீன்களின் வேலை. ரொட்டிக்குப் பழகிய மீன் மேய்ச்சலை விட்டுவிடுகிறது. பாசி ஏறிப் பவளம் மூச்சு முட்டுகிறது. இங்கே காலுக்கடியில் மிதிபடும் வெள்ளை மணலில் பெரும்பகுதி, கிளி மீன்கள் செத்த பவளத்தைக் கொறித்து, அரைத்து வெளியேற்றிய தூள். மீன் மேய்ந்தால்தான் கடற்கரையே உண்டு.

காஞ்சிபுரம் மறக்காத குடியரசு நாள்

கடல் விளையாட்டைப் பற்றிப் பேசும்போது 2014 ஜனவரி 26-ஐத் தாண்டிப் போக முடியாது. அன்று மாலை போர்ட் பிளேர் அருகேயுள்ள ராஸ் தீவிலிருந்து நார்த் பே நோக்கிப் போன ‘அக்வா மெரைன்’ என்ற சுற்றுலாப் படகு கவிழ்ந்தது. 21 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் காஞ்சிபுரத்திலிருந்து குழுவாகப் போயிருந்தவர்கள். அந்தப் படகு ஏற்றக்கூடிய எண்ணிக்கையைவிட மிக அதிகமானோர் அதில் இருந்தார்கள். நார்த் பே என்றால் உங்களுக்கு முன்பே தெரிந்த இடம்தான். பழைய 20 ரூபாய் நோட்டின் பின்பக்கம் தென்னை மரங்களோடு இருக்குமே, அந்தக் கடற்கரை. போய்ச் சேர அரை மணி நேரம்கூட ஆகாத தூரம். கரை கண்ணுக்குத் தெரிந்துகொண்டிருக்கும்போதே அந்தக் குடும்பங்கள் சிதைந்தன.

இன்று லைஃப் ஜாக்கெட் இல்லாமல் படகில் ஏற்றுவதில்லை. ஆனால் படகு கிளம்பிய ஐந்தாவது நிமிடம் செல்ஃபிக்காக ஜாக்கெட்டைக் கழற்றுகிறவர்களும், ‘அடுத்த டிரிப்புக்குக் காத்திருக்க முடியாது, இதிலேயே ஏத்திக்கோ’ என்று ஓட்டுநரை நச்சரிப்பவர்களும் நம்மவர்கள்தான். அவசரத்துக்குக் காரணமும் இருக்கிறது. நான்கு இரவு, ஐந்து பகலுக்குள் மூன்று தீவுகளைத் திணித்துக் கொடுக்கிறது பேக்கேஜ். ஒரு மணி நேரம் தாமதமானாலும் அடுத்த கப்பல் போய்விடும். பாதுகாப்பு விதியை மீறத் தூண்டுவது பெரும்பாலும் இந்தக் கால அட்டவணைதான். இரண்டு தீவை வெட்டிவிட்டு ஒரே தீவில் நான்கு நாள் தங்கினால் பாதி ஆபத்து அப்போதே குறைந்துவிடும், செலவும் கூடாது.

வானிலையும் தன் பங்குக்குப் பாடம் நடத்துகிறது. 2016 டிசம்பரில், பின்னால் வர்தா புயலாகி நம் சென்னையைப் புரட்டிப்போட்ட அதே காற்றழுத்தத் தாழ்வு, முதலில் அந்தமானைத்தான் தாக்கியது. ஹேவ்லாக்கிலும் நீலிலும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பயணிகள் நாட்கணக்கில் சிக்கிக்கொள்ள, கடற்படையும் கடலோரக் காவல்படையும் வந்து மீட்டன. விமானத்துக்கு முந்தைய இரவு கட்டாயம் போர்ட் பிளேரில் இருங்கள் என்று அனுபவஸ்தர்கள் சொல்வது அதனால்தான்.

[பெட்டிச் செய்தி]
இறங்குமுன் கேளுங்கள், கேட்க உரிமை உண்டு
படகில் எத்தனை பேருக்கு அனுமதி, இப்போது எத்தனை பேர் இருக்கிறார்கள்? ஸ்கூபாவுக்கு முன் உடல்நலப் படிவம் கொடுத்தார்களா? ஆஸ்துமா, இதய நோய், வலிப்பு, கர்ப்பம் இவற்றை மறைக்காமல் எழுதுங்கள். கடற்கரையில் முதலை எச்சரிக்கைப் பலகை இருக்கிறதா என்று பாருங்கள். உவர்நீர் முதலை கடலிலும் நீந்தும். 2010 ஏப்ரலில் ஹேவ்லாக்கில் ஸ்நார்க்கலிங் செய்துகொண்டிருந்த அமெரிக்கப் பெண் ஒருவரை முதலை தாக்கிக் கொன்றது. ஓடைகள் கடலில் கலக்கும் இடத்திலும், இருட்டும் வேளையிலும் தண்ணீரில் இறங்க வேண்டாம். உயிர்காப்பாளர் இருக்கும் கடற்கரையில் அவர் கண்ணில் படும்படி குளியுங்கள்.

வெளுத்துப்போகும் நகரம்

ஒடிந்த கிளைக்கு வருவோம். பாறை மாதிரி உருண்டையாக வளரும் பவளம் ஆண்டுக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர்தான் வளரும். கிளைவிடும் வகை கொஞ்சம் வேகம். ஒரு காலடியில் போவது பல வருட உழைப்பு.

அதைவிடப் பெரிய அடி மேலிருந்து வருகிறது. பவளத்தின் உடம்புக்குள் நுண்பாசி குடியிருக்கிறது. நிறமும் சாப்பாடும் அது கொடுப்பதுதான். கடல் வழக்கமான கோடை உச்சத்தைவிட ஒரே ஒரு டிகிரி கூடுதலாகச் சூடேறிச் சில வாரம் அப்படியே நின்றால், பவளம் அந்தப் பாசியை வெளியே தள்ளிவிடுகிறது. பிறகு எலும்புக்கூடு மாதிரி வெள்ளை. சூடு சீக்கிரம் தணிந்தால் பிழைக்கும், நீடித்தால் சாகும். 2010 கோடையில் அந்தமான் பவளப்பாறைகள் பெரிய அளவில் வெளுத்தன. 2016-ல் மறுபடியும். 2024 ஏப்ரலில் அமெரிக்கக் கடல், வளிமண்டல ஆய்வு அமைப்பு, உலகின் நான்காவது பெரும் பவள வெளுப்பு நடப்பதாக அறிவித்தது. லட்சத்தீவும் அதில் பலத்த அடி வாங்கியது. இவை எல்லாவற்றுக்கும் முன்பே 2004 சுனாமியை உண்டாக்கிய நிலநடுக்கத்தில் வட அந்தமானின் தரை உயர்ந்து, பவளத் திட்டுகள் வெயிலில் காய்ந்து மடிந்திருக்கின்றன.

கடல் சூடாவதை ஹேவ்லாக் ரிசார்ட் முதலாளியால் நிறுத்த முடியாது. ஆனால் காய்ச்சலில் கிடப்பவரை மிதிக்காமல் இருக்கலாம் இல்லையா? கடல் அதிகம் சூடேறும் மாதங்கள் ஏப்ரலும் மே மாதமும். நம் பள்ளிகளுக்கு விடுமுறை வருவதும் அப்போதுதான். பவளம் மிகவும் பலவீனமாக இருக்கும் வாரங்களில்தான் மிக அதிகக் கால்கள் அதன்மேல் விழுகின்றன. இந்த ஒரு பொருத்தத்தைப் பற்றி சுற்றுலாத் துறையில் யாராவது பேசினால் நன்றாயிருக்கும்.

ராஜன் நீந்திய கடல்

எலிஃபண்ட் பீச் என்று பெயர் வரக் காரணம் மரம் இழுத்த யானைகள். தீவு தீவாக மரம் வெட்டிய காலத்தில் யானைகளைக் கொண்டுவந்து, ஒரு தீவிலிருந்து அடுத்த தீவுக்கு நீந்தக் கற்றுக்கொடுத்தார்கள். 2002-ல் உச்ச நீதிமன்றம் மரம் வெட்டுவதற்குக் கடும் கட்டுப்பாடு விதித்ததும், யானைகளுக்கு வேலை இல்லாமல் போனது. அவற்றில் ராஜன் என்ற யானை ஹேவ்லாக்கில் ஒரு ரிசார்ட்டின் பராமரிப்பில் தங்கிவிட்டது. பாகனோடு கடலில் இறங்கி, தும்பிக்கையை மட்டும் மேலே நீட்டி நீந்தும் ராஜனை, தண்ணீருக்கடியிலிருந்து படமெடுக்க உலகம் முழுவதிலுமிருந்து ஆட்கள் வந்தார்கள். ‘தி ஃபால்’ என்ற ஆங்கிலப் படத்தில் நீந்தும் யானை அவன்தான்.

வயது ஏற ஏற ராஜன் கடலில் இறங்குவது குறைந்தது. பிறகு காட்டில் மேய்வதும் கரையில் நடப்பதும் மட்டும். விருந்தாளிகள் அவனோடு காட்டில் கொஞ்ச தூரம் நடந்தார்கள். 2016-ல், அறுபது வயதைத் தாண்டி, இறந்தான். இன்னொரு யானையை நீந்தவைத்து அந்த இடத்தை நிரப்ப யாரும் முயலவில்லை. அது சரியான முடிவு. ஓர் உயிரை வைத்துக் காட்டும் வேடிக்கைக்கு ஓய்வு கொடுக்கலாம், அதனால் தீவின் வருமானம் நின்றுவிடாது என்று அந்தக் கடைசி ஆண்டுகள் காட்டின. பயணிகள் தொடர்ந்து வந்துகொண்டுதான் இருக்கிறார்கள்.

துடுப்பு பட்டால் எரியும் தண்ணீர்

எங்களைக் கேட்டால், இந்தத் தீவின் மிகச் சிறந்த பொழுதுபோக்கு அதிகச் சத்தமும் டீசலும் இல்லாத இரவுக் கயாக்தான். அமாவாசையை ஒட்டிய இரவுகளில் அலையாத்திக் காட்டின் ஓடைக்குள் இரண்டு இரண்டு பேராகப் படகை ஓட்டிப் போகிறார்கள். போன் வெளிச்சத்தை அணைக்கச் சொல்லிவிடுகிறார் வழிகாட்டி. கண் இருட்டுக்குப் பழகப் பத்து நிமிடம் ஆகிறது. பிறகு துடுப்பைத் தண்ணீரில் விட்டால் நீல வெளிச்சம் சுழன்று எழுகிறது. கையை விட்டு அளைந்தால் விரல்களிலிருந்து பொறி சிதறுகிறது. படகுக்கு அடியில் மீன் ஓடினால் அது போன வழி கோடாக எரிந்து அணைகிறது. தண்ணீரில் மிதக்கும் நுண்ணுயிரிகள் தங்களை யாராவது தொட்டால் வெளிவிடும் ஒளி இது. சென்னைக் கடற்கரையிலும் 2019-லும் 2023-லும் அலை நீலமாக ஒளிர்ந்து கூட்டம் கூடியது நினைவிருக்கும்.

இரவுக் கயாக்குக்கு முதலீடு இருட்டுதான். அந்த இருட்டைத்தான் ரிசார்ட்டுகள் விரட்டுகின்றன. கடலைப் பார்த்து ஃபோகஸ் விளக்கு, தென்னை மரத்தில் சீரியல் பல்ப், மணலில் டி.ஜே. பாக்ஸ். வெளிச்சத்தால் கெடுவது கயாக் மட்டுமல்ல. முட்டை பொரிந்து வரும் ஆமைக்குஞ்சு கடலின் மங்கலான வெளிச்சத்தை நோக்கித்தான் ஓடும். விளக்கைப் பார்த்தால் திசை மாறி ரிசார்ட் பக்கம் போய்ச் சாகும். அந்தமான் நிக்கோபாரில் நான்கு வகைக் கடலாமைகள் முட்டையிடுகின்றன. கடல் பக்கத்து விளக்குகளைத் தாழ்த்தி, மறைத்து வைப்பதற்கு ஒரு பைசா கூடுதல் செலவில்லை, மின் கட்டணம்தான் குறையும்.

[பெட்டிச் செய்தி]
பெட்டியில் வைக்காதீர்கள்
கரையில் ஒதுங்கிக் கிடந்தாலும் பவளத் துண்டை எடுத்துவரக் கூடாது. பவளம், கடல் விசிறி, கடல் அட்டை எல்லாம் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. புலிக்கு என்ன பாதுகாப்போ அதே பாதுகாப்பு. மீறினால் 3 முதல் 7 ஆண்டு வரை சிறை. விமான நிலையத்தில் பெட்டியை ஸ்கேன் செய்யும்போது பிடிபடும்.    

ஊருக்கு என்ன மிச்சம்?

ஹேவ்லாக்கிலும் நீலிலும் இருப்பவர்களில் பெரும்பாலோர், பிரிவினைக்குப் பின் கிழக்கு பாகிஸ்தானிலிருந்து வந்து குடியமர்த்தப்பட்ட வங்காளக் குடும்பங்களின் வாரிசுகள். கோவிந்த நகர், விஜய் நகர், ஷ்யாம் நகர், ராதா நகர் என்று ஊர்ப் பெயர்களே அதைச் சொல்லும். நீலில் சீதாபூர், பரத்பூர், லட்சுமண்பூர். காட்டை வெட்டி நெல்லும் பாக்கும் தென்னையும் போட்டவர்கள். போர்ட் பிளேருக்குக் காய்கறி அனுப்பும் தீவு நீல். இன்று அந்த வீட்டுப் பிள்ளைகள் ஸ்கூட்டர் வாடகைக்கு விடுகிறார்கள், படகு ஓட்டுகிறார்கள், டியூப் இழுக்கிறார்கள். ரிசார்ட்டின் பெரும் லாபம் மெயின்லாண்டில் இருக்கும் முதலாளிக்குப் போகிறது.

ஊரை ஒட்டிய பொழுதுபோக்குகளை ரிசார்ட்டுகள் ஏனோ பெரிதாக விற்பதில்லை. நீல் தீவை ஒரு சைக்கிளில் காலையும் மாலையுமாகச் சுற்றி முடித்துவிடலாம். வழியெல்லாம் வயல், பாக்குத் தோப்பு, பச்சைக் கிளிகளின் கூச்சல். சந்தைக்குப் போனால் அன்றைய மீன், கடுகெண்ணெயில் குழம்பு வைத்துச் சுடச்சுடப் பரிமாறும் சின்ன மெஸ். அந்தப் பணம் தீவை விட்டு வெளியே போகாது.

ராமநாதபுரம் மாவட்டத்துக் காரங்காடு கிராமத்தைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். வனத் துறையும் மீனவக் குடும்பங்களும் சேர்ந்து அலையாத்திக் காட்டில் படகு, கயாக், கடற்புல் பார்க்க ஸ்நார்க்கலிங் என நடத்துகிறார்கள். சாப்பாடு ஊர்ப் பெண்களின் கை. காட்டைக் காப்பாற்றினால்தான் நாளைக்குப் படகு ஓடும் என்று ஊருக்கே தெரிந்திருப்பதால், காவலுக்குத் தனியாக ஆள் வேண்டியதில்லை.

தண்ணீர் இன்னொரு கவலை. தீவுகளுக்கு மழைதான் குடிநீர். பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை வறண்ட காலம், சுற்றுலாப் பயணிகள் வருகிற காலமும் அதுதான். தலைநகரிலேயே தனிக்காரி அணை வற்றும்போது குழாய்த் தண்ணீரை முறை வைத்துத்தான் விடுகிறார்கள். அப்படியிருக்க, கடலுக்கு நூறு அடி தள்ளி நன்னீரில் நீச்சல் குளம் கட்டி, அதையும் பொழுதுபோக்குப் பட்டியலில் சேர்ப்பதை எப்படி நியாயப்படுத்துவது?

ஜாலி பாய் செய்வதை எலிஃபண்ட் பீச் செய்ய முடியாதா?

தாய்லாந்தின் மாயா பே, ஒரு ஹாலிவுட் படத்தால் புகழ்பெற்று, கூட்டம் மிதித்துப் பவளத்தை இழந்தது. 2018 ஜூனில் மூடினார்கள். 2022 ஜனவரியில்தான் திறந்தார்கள். ஒரே நேரத்தில் இத்தனை பேர்தான் என்ற கணக்கோடு, படகைக் கடற்கரைக்குள் விடாமல். பிலிப்பைன்ஸின் போராகாயைக் கழிவுநீருக்காக 2018-ல் ஆறு மாதம் முழுமையாக மூடிச் சுத்தம் செய்தார்கள். இரண்டு இடத்திலும் சுற்றுலா செத்துவிடவில்லை.

இதற்கு வெளிநாடு வரை போக வேண்டியதும் இல்லை. போர்ட் பிளேருக்குப் பக்கத்தில் வண்டூரில், 1983-ல் தொடங்கிய மகாத்மா காந்தி கடல் தேசியப் பூங்கா இருக்கிறது. அதிலுள்ள ஜாலி பாய் தீவுக்குப் போக வனத் துறை அனுமதி வேண்டும். பையைத் திறந்து பார்க்கிறார்கள், பிளாஸ்டிக்கை உள்ளே விடுவதில்லை. அரையாண்டு ஜாலி பாய் திறந்திருந்தால் மறு பாதியில் ரெட் ஸ்கின் தீவு. ஒன்றில் ஆட்கள் இருக்கும்போது இன்னொன்று ஓய்வெடுக்கும். நம் விவசாயி வயலைத் தரிசு போடுகிற அதே கணக்கு. அங்கே போய் வந்த பயணிகள் யாரும் ‘ஏமாற்றிவிட்டார்கள்’ என்று சொல்லவில்லை. சுத்தமான கடலைப் பார்த்த சந்தோஷத்தைத்தான் சொல்கிறார்கள்.

ஹேவ்லாக்கின் எலிஃபண்ட் பீச்சுக்கும், நீல் தீவின் பரத்பூர் கடற்கரைக்கும் இதே முறையை ஏன் கொண்டுவரக் கூடாது? ஒரு நாளைக்கு இத்தனை படகு, ஒரு மணி நேரத்துக்கு இத்தனை பேர் என்று வரம்பு. ஜெட் ஸ்கீக்கும் பனானா போட்டுக்கும் பவளம் இல்லாத மணற்பகுதியில் தனி எல்லை. ஏப்ரல், மே மாதங்களில் கடல் வெப்பம் எல்லை தாண்டினால், அந்த வாரங்களில் ஸ்நார்க்கலிங்குக்கு விடுமுறை. டியூப் இழுக்கும் இளைஞர்களுக்குத் தலைக்கு இவ்வளவு என்று கூலி கொடுப்பதை நிறுத்திவிட்டு, நாள் சம்பளம் கொடுத்தால் அவர்களும் அவசரப்படுத்தமாட்டார்கள். கூட்டம் குறைவதால் வரும் வருமான இழப்பை நுழைவுக் கட்டணத்தில் சரிக்கட்டலாம். விமானத்துக்கும் ரிசார்ட்டுக்கும் எழுபதாயிரம் செலவழிக்கிறவர், உயிரோடு இருக்கும் பவளத்தைப் பார்க்க இன்னும் ஐந்நூறு ரூபாய் கொடுக்கத் தயங்கமாட்டார்.

இதில் முடிவெடுக்க வேண்டியவை சுற்றுலாத் துறை, வனத் துறை, தீவுகளின் நிர்வாகம். மூன்றுக்கும் அலுவலகம் போர்ட் பிளேரிலேயே இருக்கிறது, ஜாலி பாயை நடத்திய அனுபவமும் இருக்கிறது. தென்மேற்குப் பருவமழை தொடங்கியதும் கடல் கொந்தளித்து, படகுகள் குறைந்துவிடும். அடுத்த சீசன் நவம்பரில். விதிகளை எழுதி, படகுக்காரர்களைக் கூட்டிப் பேசி, கடலில் மிதவைகளைக் கட்டி எல்லை போட இடையில் ஐந்து மாதம் கிடைக்கிறது.